உங்களுக்குத் தெரியுமா? குள்ளம் என்று நாம் கடந்துபோகும் குழந்தை

‘அப்பன் குள்ளம், பிள்ளையும் குள்ளம்’ என்று சொல்லி நாம் கடந்துபோகும் குழந்தைகளில் பலருக்கு அது பிறவி வாகு அல்ல. வளர வேண்டிய வயதில் வளர்வதற்கான சோறும் பாலும் சுத்தமான தண்ணீரும் கிடைக்காததன் அடையாளம். 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட 14 கோடியே 81 லட்சம் குழந்தைகள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நூற்றுக்கு 22 பேர். அவர்களைப் பற்றிச் சில செய்திகள்.

சவலைக்கு இன்னொரு பெயர்

அடுத்த பிள்ளை வயிற்றில் வந்ததும் தாய்ப்பால் குறைந்து நோஞ்சானாகும் குழந்தையைச் ‘சவலை’ என்கிறோம். கானா நாட்டின் கா மொழியிலும் கிட்டத்தட்ட இதே பொருளில் ஒரு சொல் உண்டு: குவாஷியோர்கர். தம்பி தங்கை பிறந்ததும் மூத்ததைப் பற்றும் நோய் என்று அதற்குப் பொருள். அங்கே பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், மக்காச்சோளக் கூழையே நம்பி வளர்ந்த பிள்ளைகளுக்கு வந்த இந்த நோயைப் பற்றி 1933இல் எழுதினார். 1935இல், அந்த ஊர்ப் பெண்கள் சொன்ன பெயரையே மருத்துவ உலகுக்கும் தந்தார்.

கொழுகொழு கன்னமும் ஏமாற்றும்

குவாஷியோர்கர் வந்த குழந்தை எலும்பும் தோலுமாக இருக்காது. முகம் உப்பி, கால் வீங்கி, பார்ப்பதற்குப் பூசினாற்போல் இருக்கும். முடி செம்பட்டையாகும், தோல் உரியும். இரண்டு பாதங்களிலும் கட்டைவிரலால் சில நொடி அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கும். அது கொழுப்பல்ல, நீர். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய குழந்தை அது.

வளர்வதில் இன பேதம் இல்லை

‘நம் இனத்துப் பிள்ளைகள் அவ்வளவுதான் வளரும்’ என்பது உண்மையா? உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்து பார்த்தது. தாய்ப்பாலும் நல்ல உணவும் நல்ல பராமரிப்பும் கிடைத்த குழந்தைகள் அவர்கள். டெல்லிக் குழந்தையும் நார்வேக் குழந்தையும் ஐந்து வயதுவரை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தன. 2006இல் வெளியான வளர்ச்சி அட்டவணை இதை வைத்தே உருவானது.

81 சென்டிமீட்டர்

அந்த அட்டவணைப்படி, இரண்டு வயது நிறைந்த ஆண் குழந்தை நின்றால் நடுத்தர உயரம் 87.1 சென்டிமீட்டர். 81க்குக் கீழே போனால் ‘வளர்ச்சி குன்றிய குழந்தை’. பெண் குழந்தைக்கு நடுத்தரம் 85.7, எல்லை 79.3. வித்தியாசம் நான்கு விரற்கடைக்குள்தான். வெறும் கண்ணுக்கு அது தெரியாது. ஒரு தெருவில் பாதிக் குழந்தைகள் குன்றிப்போனால் அதுவே இயல்பான உயரமாகத் தெரியும். புருண்டியில் 2016-17இல் எடுத்த கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இப்படி இருந்தார்கள்.

ஆயிரம் நாள் கெடு

கருவில் 270 நாள், பிறந்தபின் இரண்டு ஆண்டுகளில் 730 நாள். இந்த ஆயிரம் நாளில் இழந்த உயரத்தைப் பிறகு முழுதாக மீட்பது மிகக் கடினம். உயரம் மட்டுமா? மூளை மிக வேகமாக வளர்வதும் இதே காலத்தில்தான். அதனால்தான் கர்ப்பிணியின் தட்டில் என்ன விழுகிறது என்பதிலிருந்தே பிள்ளையின் வளர்ச்சிக் கணக்கு தொடங்குகிறது.

கூழ் குடித்தவர்களின் கூலி

குவாத்தமாலாவில் 1969இல் நான்கு கிராமங்களில் ஓர் ஆய்வு தொடங்கியது. இரண்டு கிராமங்களில் புரதம் நிறைந்த ‘அட்டோலே’ என்ற கூழ் கொடுத்தார்கள். மற்ற இரண்டில் புரதமில்லாத இனிப்புப் பானம். அந்தக் குழந்தைகள் பெரியவர்களானபின் தேடிப்போய்ப் பார்த்தார்கள். முதல் இரண்டு வயதில் அட்டோலே கிடைத்த ஆண்களின் ஒரு மணி நேரக் கூலி 46 சதவீதம் அதிகமாக இருந்தது. மூன்று வயதுக்குப் பிறகு மட்டும் கிடைத்தவர்களிடம் அந்த உயர்வு இல்லை. முடிவு 2008இல் வெளியானது.

உயிர் காக்கும் நாடா

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேல்கையில் சுற்றிப் பார்க்க ஒரு நாடா இருக்கிறது. 12.5 சென்டிமீட்டர் முதல் பச்சை. அதற்குக் கீழே மஞ்சள். 11.5க்கும் குறைந்தால் சிவப்பு: உயிருக்கே ஆபத்தான மெலிவு. எடைக் கருவி வேண்டாம், எழுத்தறிவும் வேண்டாம். நைஜரில் தாய்மார்களுக்கே இதைக் கற்றுக்கொடுத்தார்கள். சுகாதார ஊழியர் வரும்வரை காத்திராமல், தன் பிள்ளை சிவப்பைத் தொடுவதைத் தாயே முதலில் கண்டுகொள்கிறாள்.

பட்டினி கிடந்த பிள்ளைக்கு விருந்து ஆகாது

பரிதாபப்பட்டு ஒரேயடியாக ஊட்டினால் உயிரே போய்விடலாம். பட்டினியில் உடம்பு தன் வேலைகளையெல்லாம் சுருக்கிக்கொண்டிருக்கும். திடீரென்று நிறைய உணவு வந்தால் ரத்தத்தில் உப்புகளின் அளவு குலைந்து இதயம் தாங்காது. ஆகவே மிக மோசமான நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்படும் குழந்தைக்கு முதலில் ‘எஃப்-75’ என்ற பால்: 100 மில்லியில் 75 கலோரி மட்டும், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, கொஞ்சம் கொஞ்சமாக. உடம்பு தேறியபின்தான் ‘எஃப்-100’.

கடலையில் பிறந்த மருந்து

பால்மாவைக் கரைக்கச் சுத்தமான தண்ணீர் வேண்டும். அது இல்லாத ஊரில் பாலே நஞ்சாகும். 1996இல் பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே பிரியாந்த் இதற்கு வழி கண்டார்: வேர்க்கடலைப் பசை, பால்பொடி, சர்க்கரை, எண்ணெய், வைட்டமின், தாதுக்கள். 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி. கரைக்க வேண்டாம், சமைக்க வேண்டாம். பிய்த்துச் சப்பலாம். மருத்துவமனையில் வாரக்கணக்கில் கிடந்த பிள்ளைகள் தாய்மடியிலேயே தேற முடிந்தது இதனால்தான்.

உப்பும் சர்க்கரையும்

அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, தின்றதையெல்லாம் உடம்பில் ஒட்டவிடாமல் செய்துவிடும். 1971 வங்கதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்க எல்லை முகாமில் காலராவோடு போராடினார் டாக்டர் திலீப் மகாலநபிஸ். ஊசிவழி ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். சாவு விகிதம் 30 சதவீதத்திலிருந்து 3.6 ஆக இறங்கியது.

குடலுக்கும் பசிக்கும்

மெலிந்த பிள்ளையின் குடலில் வாழும் நுண்ணுயிர்களும் வயதுக்கேற்ப வளராமல் நின்றுவிடுகின்றன. டாக்கா நகரின் மீர்ப்பூர் குடிசைப் பகுதியில் கொண்டைக்கடலை மாவு, சோயா மாவு, வேர்க்கடலை, பச்சை வாழைக்காய் சேர்த்த உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான சத்துணவைவிடக் கலோரி குறைவாக இருந்தும், இதை உண்ட பிள்ளைகள் நன்றாகத் தேறினார்கள். 2021இல் வந்த முடிவு இது.

தேர்தல் வாக்குறுதியான உயரம்

2006 அதிபர் தேர்தலின்போது பெரு நாட்டில் வேட்பாளர்கள் பத்துப் பேர் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட்டார்கள்: ஐந்து வயதுக்குட்பட்டவர்களின் வளர்ச்சிக் குன்றலை ஐந்து ஆண்டில் ஐந்து சதவீதப் புள்ளிகள் குறைப்போம். ஏழைத் தாய்மாருக்குப் பணம், தவறாத உடல் பரிசோதனை, தடுப்பூசி, பலனைப் பார்த்து நிதி ஒதுக்கீடு என்று வேலை நடந்தது. 2008இல் சுமார் 28 சதவீதமாக இருந்தது, 2016இல் 13 ஆனது. அந்த எட்டு ஆண்டில் பெருவின் மரபணுவா மாறியது?

தமிழ்நாடு அளந்த எடை

1980இல் தமிழ்நாட்டில் உலக வங்கி உதவியோடு ஓர் ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை ஊர்ப் பெண் பணியாளரே மாதாமாதம் எடை போட்டார். எடை கூடாத பிள்ளைக்கு மட்டும் குறைந்தது 90 நாள் கூடுதல் சத்துணவு. நோய் முற்றும்வரை விடாமல், வளர்ச்சிக் கோடு சாயும்போதே பிடித்துவிட வேண்டும் என்பது அதன் நோக்கம்.

உங்கள் பகுதி அங்கன்வாடியில் இந்த மாதமும் தராசு தொங்கும். பக்கத்து வீட்டில், கட்டட வேலை நடக்கும் இடத்துக் கொட்டகையில், இரண்டு வயது ஆகாத குழந்தை இருந்தால் அதன் தாயிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: “பிள்ளைக்கு எடை போட்டாச்சாம்மா?”