சம்பளக் கணக்கும் ஒரு தொழில்தான்



பிள்ளை ஓ.எல். பாஸ் பண்ணிவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று நிறையப் பேர் எங்களிடம் கேட்கிறீர்கள். டீச்சர் வேலை, நர்ஸ் வேலை, இல்லாவிட்டால் கொழும்பில் கடை வேலை. பேச்சு பெரும்பாலும் இதற்கு மேல் போவதில்லை. மாதாமாதம் நமது கையோடு ஒட்டியிருக்கிற ஒரு தொழிலை நாம் மறந்து விடுகிறோம். சம்பளத்தையும் தொழிலாளர் சலுகைகளையும் கணக்குப் பார்க்கிற தொழில்தான் அது. அதைப் பற்றி இம்முறை விளக்கமாகச் சொல்லுகிறோம்.

அது என்ன வேலை?

பிரட்டில் பேர் கொடுக்கிறோம், கொழுந்து நிறுக்கிறோம். அந்தப் பேரும் கிலோவும் செக்ரோலில் ஏறுகின்றன. சம்பளம், ஈ.பி.எப். என்கிற ஊழியர் சேமலாப நிதி, ஈ.டி.எப். என்கிற ஊழியர் நம்பிக்கை நிதி, சேவைக்காலப் பணம், பிரசவச் சகாயம் எல்லாமே அந்தச் செக்ரோலில் இருந்துதான் பிறக்கின்றன. தோட்டத்தில் இதைக் கிளாக்கர் பார்க்கிறார். கம்பனி தலைமைக் காரியாலயத்திலும், கார்மென்ட் பெக்டரியிலும், ஹோட்டலிலும், வங்கியிலும் மனிதவளப் பிரிவு பார்க்கிறது. தொழிலாளர் இருக்கிற இடமெல்லாம் இந்த வேலை இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு

கணக்குக்கு லேசாக இருக்கட்டும் என்று ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபா, மாதம் 20 பேர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20,000 ரூபா.

ஈ.பி.எப். சட்டம் 1958ஆம் ஆண்டில் வந்தது. அதன்படி தொழிலாளியிடம் 8 சதவீதம், அதாவது 1,600 ரூபா வெட்டப்படும். தொழில் கொடுப்பவர் தம் பங்காக 12 சதவீதம், 2,400 ரூபா போட வேண்டும். ஆக மாதம் 4,000 ரூபா உங்கள் பேரில் சேருகிறது. இதை அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் கட்டிவிட வேண்டும்.

ஈ.டி.எப். 1980ஆம் ஆண்டின் சட்டம். இதற்கு 3 சதவீதம், 600 ரூபா. இது முழுக்கவும் தொழில் கொடுப்பவர் பொறுப்பு. உங்கள் சம்பளத்தில் ஒரு சதமும் வெட்டக்கூடாது.

சேவைக்காலப் பணத்துக்கு 1983ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு இது உண்டு. நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பள வீதத்தில். 30 வருடம் உழைத்தவருக்கு 30 x 14 x 1,000. நாலு இலட்சத்து இருபதாயிரம் ரூபா! வேலையை விட்டு 30 நாளுக்குள் அது கிடைக்க வேண்டும்.

கணக்குப் பிசகினால்?

மாதம் ஐந்து பேர் செக்ரோலில் விடுபட்டால் 5,000 ரூபா சம்பளம் மட்டுமா போகிறது? ஈ.பி.எப்.பில் 1,000 ரூபாவும், அதற்கு வருகிற வட்டியும் சேர்ந்து போகிறது.

பேர் விஷயம் இதைவிடப் பெரிய தலையிடி. பிறப்புப் பத்திரத்தில் முத்துலெட்சுமி, அடையாள அட்டையில் லெட்சுமி, தோட்டப் பதிவில் முத்தாயி. மூன்றும் ஒரே அம்மாதான். ஆனால் காசு எடுக்கப் போனால் "இந்த மூன்று பேரும் யார்?" என்று கேட்பார்கள். பிறகு சத்தியக்கடதாசி, கிராம சேவகர், தொழில் காரியாலயம் என்று வயதான காலத்தில் அலைச்சல்தான்.

தோட்டங்களும் கை மாறி வந்திருக்கின்றன. 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் எடுத்தது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. அதற்கு முன்னே பேர் பதிந்தவர்களின் பழைய இலக்கத்தையும் புது இலக்கத்தையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். நமது பாஷையும், நமது பேர்களும், லயத்து உறவு முறைகளும் தெரிந்த பிள்ளை அந்த மேசையில் இருந்தால் பாதிப் பிரச்சினை தொடங்கும்போதே தீர்ந்துவிடும்.

என்ன படிக்க வேண்டும்?

ஓ.எல். பரீட்சையில் கணிதத்தையும் பாஷைப் பாடங்களையும் நல்லபடியாகச் சித்தியடைய வேண்டும். ஏ.எல். இருந்தால் இன்னும் நல்லது. தமிழோடு சிங்களமும் இங்கிலீஷும் எழுத வாசிக்கத் தெரிய வேண்டும். கடிதங்களும் படிவங்களும் அப்படித்தான் வருகின்றன. கம்ப்யூட்டரில் கணக்குப் போடவும் பழக வேண்டும்.

முதலில் கிளாக்கர் உத்தியோகம் கிடைத்தாலும் போதும். வேலை செய்துகொண்டே மேலே படிக்கலாம். ஆளணி முகாமைத்துவ நிறுவனத்தில் இத்துறைக்கென்றே பாடநெறிகள் உண்டு. தோட்டத்துறை உத்தியோகத்தருக்கு அத்துருகிரியவில் உள்ள தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவனம் பயிற்சி கொடுக்கிறது. எந்தப் பாஷையில் படிப்பு, கட்டணம் எவ்வளவு என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

சட்டம் மாறும், படிப்பும் நிற்கக்கூடாது. முன்பு மூன்றாவது பிள்ளைக்குப் பிரசவ லீவு 42 நாள்தான். 2018இல் சட்டத்தைத் திருத்தி, எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் என்று ஆக்கினார்கள். பழைய கணக்கையே பிடித்துக்கொண்டிருக்கிற உத்தியோகத்தர் ஒரு தாயின் 42 நாளைப் பறித்துவிடுவார்.

இன்னும் இரண்டு குணம் வேண்டும். ஒருவர் சம்பளத்தை இன்னொருவரிடம் சொல்லாத வாய். துரையானாலும் தொழிலாளியானாலும் ஒரே கணக்கைக் காட்டுகிற நேர்மை.

பழக்கம் வீட்டிலேயே தொடங்கட்டும்

இந்த மாதச் சம்பளச் சீட்டைப் படிக்கிற பிள்ளையின் கையில் கொடுங்கள். இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்:

1. உழைத்த பேரும் சீட்டில் உள்ள பேரும் சரியா?
2. ஈ.பி.எப். வெட்டியது 8 சதவீதம்தானா?
3. ஈ.பி.எப். கணக்கறிக்கையிலும் அடையாள அட்டையிலும் பேர் ஒன்றுபோல இருக்கிறதா?
4. உங்களுக்குப் பிறகு பணம் யாருக்கு என்று பதிந்திருக்கிறதா?

வித்தியாசம் இருந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். சீட்டோடு கிளாக்கரிடம் காட்டுங்கள், இல்லாவிட்டால் எங்களிடம் வாருங்கள். அங்கேயும் சரிவராவிட்டால் தொழில் காரியாலயம் இருக்கிறது. ஈ.பி.எப். காசைப் பொதுவாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் வேலையை விட்டதும் கேட்கலாம். அந்த வயது வரும்வரை பொறுத்திராமல் பேரை இப்போதே திருத்தி வையுங்கள்.

மாதாமாதம் இப்படிப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு இந்தத் தொழிலின் அரிச்சுவடி வீட்டிலேயே கிடைத்துவிடும். நாளைக்கு அந்தப் பிள்ளை எழுதுகிற கணக்கு ஒரு தோட்டத்து முதியவர்களுக்கே சோறு போடும்.