சுழியோடப் போகிறவர் போட வேண்டிய கணக்கு

சோளகம் எழும்பினால் முல்லைத்தீவுக் கடல் அடங்கிவிடும். காற்று தரைப்பக்கமிருந்து வீசுவதால் அலை குறையும், தண்ணீர் தெளியும். அலம்பில், நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டர் கட்டி இறங்குகிறவர்களுக்கு அதுதான் பருவம். கனடா, சுவிஸ் பிள்ளைகள் பள்ளி விடுமுறைக்கு ஊருக்கு வருவதும் அதே ஆடி, ஆவணியில்தான். அவர்களில் சிலர் அங்கே சுழியோடப் பழகிச் சான்று அட்டையும் வைத்திருக்கிறார்கள். "மாமா, இங்க எங்க டைவ் பண்ணலாம்?" என்று கேட்கிற மருமகனும், கடலட்டைக்கு இறங்குகிற பெடியனும் முதுகில் சுமப்பது ஒரே கருவியைத்தான். மருமகனுக்கு அதோடு ஒரு கணக்கையும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பெடியனுக்குப் பெரும்பாலும் சிலிண்டரை மட்டும்தான் கொடுத்திருப்பார்கள்.

சிலிண்டருக்குள் இருப்பது ஒட்சிசன் என்றே பலர் நினைக்கிறார்கள். இல்லை, நாம் சுவாசிக்கிற அதே காற்றுத்தான், வடிகட்டி அமுக்கியது. தனி ஒட்சிசனோடு ஆறேழு மீற்றருக்குக் கீழே போனால் வலிப்பு வரலாம். சிலிண்டரைவிடக் கெட்டிக்காரச் சாமான், வாயில் கவ்வுகிற ரெகுலேற்றர். சுற்றியுள்ள தண்ணீர் எவ்வளவு அமுக்குகிறதோ அதே அழுத்தத்தில், நாம் மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்றைத் திறந்துவிடும். இதற்கு மூலம் ஒரு கார் வால்வு. உலகப் போர்க்கால பிரான்சில் பெற்றோல் கிடைக்காமல் போக, காரை வாயுவில் ஓட்ட எமில் கான்யான் என்ற பொறியியலாளர் அதை உருவாக்கியிருந்தார். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய வன்னிக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை. கான்யானும் கடற்படை அதிகாரி ஜாக் குஸ்தோவும் சேர்ந்து அதைத் தண்ணீருக்கு மாற்றி, 1943 ஜனவரியில், நடுக்குளிரில், பாரிசுக்கு அருகே மார்ன் ஆற்றில் இறக்கிப் பார்த்தார்கள்.

இனிக் கணக்கு. வழக்கமான அலுமினியச் சிலிண்டர் 11 லீற்றர் கொள்ளும். 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 2,200 லீற்றர் காற்று. பதற்றமில்லாமல் நீந்துகிறவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 லீற்றர் இழுப்பார் என்றால், மேற்பரப்பில் 110 நிமிடம் வரும். கீழே அப்படி வராது. ஒவ்வொரு 10 மீற்றருக்கும் அழுத்தம் ஒரு பார் கூடுவதால் 20 மீற்றரில் மொத்தம் 3 பார்; ஒவ்வொரு மூச்சிலும் மூன்று மடங்கு காற்று போகும். 50 பாரைக் கையிருப்பாக ஒதுக்கிவிட்டால் மிஞ்சுகிற 1,650 லீற்றர் 27 நிமிடத்துக்குத்தான் காணும். குளிர்ந்தாலோ பயந்தாலோ அதுவும் காணாது.

காற்று முடிவதை அழுத்தமானியின் முள் காட்டும். நைதரசன் சேர்வதை அது காட்டாது. அழுத்தத்தில் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைகிற நைதரசன், அவசரமாக மேலே வந்தால் சோடாப் போத்தலைத் திறந்ததுபோல் குமிழியாகக் கிளம்பும். மூட்டில் கிளம்பினால் நோ. முள்ளந்தண்டில் கிளம்பினால் இடுப்புக்குக் கீழே விழுந்துவிடும். அதனால்தான் தொடக்கப் பயிற்சி முடித்தவருக்கு 18 மீற்றர் எல்லை, நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் ஏறாத நிதானம், 5 மீற்றரில் மூன்று நிமிடத் தரிப்பு என்று விதி வைத்திருக்கிறார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வருவது இதைவிட மோசம். விரிகிற காற்று நுரையீரலைக் கிழித்துவிடும்.

மருமகன் கேட்டதற்குப் பதில், திருகோணமலை. வன்னியிலிருந்து போகிறவருக்கு வாடகை உபகரணமும் பயிற்றுநரும் கிடைக்கிற கிட்டிய இடம் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம்தான். வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாக ஏறக்குறைய நூறு கிலோமீற்றர். 2003இல் தேசியப் பூங்காவான புறாத்தீவு அங்கேதான். எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் 1956இல் சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் கற்களைக் கண்டதும் அதே கடலில். முதல் நாள் மாலையே போய்ச் சேர்ந்து, நன்றாகத் தூங்கி, மறுநாள் காலையில் இறங்குவதே நல்லது.

வாடகைச் சாமானைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடாது. சிலிண்டரின் தோளில் குத்தியிருக்கும் அழுத்தச் சோதனைத் திகதியைப் பாருங்கள். வால்வைக் கொஞ்சம் திறந்து மணந்து பாருங்கள். எண்ணெய், புகை மணம் வந்தால் அது வேண்டாம். மணமே இல்லாத காபனோரொட்சைட்டும் கலந்திருக்கலாம் என்பதால், காற்று நிரப்புகிற கொம்பிரசர் எங்கே நிற்கிறது, பக்கத்தில் என்ஜின் புகைக்குழாய் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். பிறகு ரெகுலேற்றரைக் கவ்வி, அழுத்தமானியைப் பார்த்தபடி நாலைந்து மூச்சு இழுக்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் விழுந்து எழும்பினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். கரையில் பரவாயில்லை, 15 மீற்றரில் மூச்சு முட்டும். முகமூடியைப் பட்டி மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுத்தால் தானாக ஒட்டி நிற்க வேண்டும். மீசை வைத்தவர்களுக்கு இது எப்போதும் கொஞ்சம் கரைச்சல்தான்.

குளிருக்கு வருவோம். நம் கடல் 28 பாகை. அதுகூட உடல் வெப்பத்தைவிட 9 பாகை குறைவு. தண்ணீரோ காற்றைவிட 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். முக்கால் மணித்தியாலத்தில் பல் கிட்டும். 3 மில்லிமீற்றர் உடை கேட்டு வாங்குங்கள். ரொறன்ரோவில் இருப்பவர்கள் போகிற ரொபர்மோரியில் கதை வேறு. 1885இல் மூழ்கிய ஸ்வீப்ஸ்ரேக்ஸ் பாய்க்கப்பல் அங்கே ஆறு மீற்றர் ஆழத்திலேயே கிடக்கிறது, ஆனால் ஹியூரன் ஏரியின் ஆழத்துத் தண்ணீர் கோடையிலும் 4 பாகைதான். 200 பாரிலிருந்து சட்டென்று விரிகிற காற்று தானும் குளிரும். அந்தத் தண்ணீரில் ரெகுலேற்றருக்குள் பனி கட்டி, வால்வு திறந்தபடி இறுகினால் சிலிண்டர் சில நிமிடத்தில் காலி. அங்கே வாடகைக்கு எடுக்கிறவர் குளிர்நீருக்கென்று செய்த ரெகுலேற்றரையே கேட்க வேண்டும்.

அங்கே பழகிய பிள்ளை இங்கே இடறுகிற இடம் ஈயக்கட்டி. தடித்த உடை மிதக்கும் என்பதால் அங்கே நிறைய ஈயம் கட்டுவார்கள். உப்புத்தண்ணீர் கூடுதலாகத் தூக்கும் என்பதற்காக அதையே நிலாவெளியில் மெல்லிய உடையோடும் கட்டினால் கல்லுப்போல் தாழ்வார். இடுப்பளவு தண்ணீருக்குச் சற்று அப்பால் மிதந்து பார்த்து எடையைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும்.

மேலே வந்தபின்னும் உடலில் நைதரசன் மிஞ்சியிருக்கும் என்பதால், பல நாள் சுழியோடியவர் 18 மணித்தியாலத்துக்கு விமானம் ஏறக்கூடாது. 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவுக்கு அன்றே வான் பிடிப்பதும் கூடாது. கிளிநொச்சிக்குத் திரும்புவதில் சிக்கலில்லை, வழியெல்லாம் சமதரை.

அட்டைக்கு இறங்குகிற பெடியனுக்கு விமானக் கவலை இல்லை. ஒரே நாளில் பல சிலிண்டர் முடிப்பதுதான் அவனுக்கு ஆபத்து. அனுமதிப்பத்திரம் கொடுக்கிறவர்களும் முதலாளிமாரும் பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும். கரைக்கு வந்தபின் மூட்டு நொந்தாலோ, கால் விறைத்தாலோ, சலம் போகாவிட்டாலோ, திரும்ப இறங்கினால் சரியாகும் என்று நம்பாதீர்கள். நோ சற்றுக் குறைந்து, பிறகு கூடி வரும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஒட்சிசன் கேளுங்கள். திருகோணமலையில் கடற்படையிடம் அழுத்த அறை இருக்கிறது. எத்தனை மீற்றர், எத்தனை தரம் இறங்கினீர்கள் என்பதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.