மஞ்சள் விளக்கும் மலைப்பாதையும்

சென்ற மழைக்காலத்தில் ஒரு நள்ளிரவு. கேத்திக்கு அப்பால் உள்ள ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் முதியவர் ஒருவருக்கு நோயிற்பூசுதல் அளித்துவிட்டு அருவங்காட்டிற்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓர் ஏற்றத்தின் நடுவே நம்முடைய டீசல் வண்டி சட்டெனத் தன் வலுவை இழந்தது. மிதியை எவ்வளவு அழுத்தினும் வேகம் கூடவில்லை. மூடுபனியில், முதல் கியரில், நடைவேகத்தில் ஊர்ந்து பங்கு இல்லம் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு.

உண்மையை மறைப்பானேன்? அவ்வண்டியின் முகப்பில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பிருந்தே எரிந்துகொண்டிருந்தது. 'வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது, திருவிழா முடியட்டும்' என்று நாம்தான் நாளைக் கடத்தினோம்.

மறுவாரம் சமவெளியில் உள்ள ஒரு பணிமனைக்கு வண்டியைக் கொண்டு சென்றோம். கணினியைப் பொருத்திப் பார்த்து, ஒரு சென்சாரை மாற்றி, விளக்கை அணைத்து, 9,000 ரூபாய் பெற்றுக்கொண்டார்கள். எட்டாம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தது. இம்முறை, "புகை வடிகட்டியே அடைத்துவிட்டது, புதிது போட வேண்டும், ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆகும்" என்றார்கள். பங்கின் கணக்குப் புத்தகத்தை நினைத்து நாம் உறக்கம் இழந்தோம்.

அச்சமயத்தில் நமக்கு உதவ வந்தவர், வாகனப் பழுதுபார்ப்பில் வாழ்நாளைக் கழித்து ஓய்வுபெற்ற நம் பங்கு அன்பர் ஒருவர். அவர் கேட்ட முதற்கேள்வி இதுதான்: "சாமி, வடிகட்டி அடைத்துவிட்டது என்கிறார்களே, ஏன் அடைத்தது என்று சொன்னார்களா?" யாரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அவர் வண்டியின் மூடியைத் திறந்து, டர்போவிலிருந்து காற்றைக் கொண்டுசெல்லும் ரப்பர் குழாயைக் கையால் தடவிப் பார்த்தார். அடிப்பக்கத்தில் எண்ணெய்க் கசிவு. அதன் நடுவே விரல் நீளத்திற்கு ஒரு வெடிப்பு. குழாயின் விலை 2,800 ரூபாய். வடிகட்டியைக் கணினியின் துணையுடன் எரித்துத் தூய்மைப்படுத்த 4,500 ரூபாய். வண்டி இன்றும் ஓடுகிறது. அன்று வடிகட்டியை மட்டும் மாற்றியிருந்தால், அந்த வெடிப்பின் காரணமாகப் புதிய வடிகட்டியும் சில மாதங்களில் அடைத்திருக்கும்!

இது எவ்வாறு நேர்கிறது என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம். ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினில், காற்றை மிகுதியாக அழுத்தி, அந்த வெப்பத்திலேயே எண்ணெயை எரியச் செய்வதே தத்துவம். தீப்பொறி தேவையில்லை, ஆனால் காற்று போதிய அளவில் வேண்டும். குழாய் வெடித்துக் காற்று குறைந்தால் எண்ணெய் அரைகுறையாக எரிந்து கரியாகிறது. முற்காலத்து லாரிகள் அக்கரியைச் சாலையில் கக்கிச் சென்றன. 2020 ஏப்ரல் முதல் நாளன்று பாரத் நிலை ஆறு விதிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபின், டீசல் கார்களில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி பொருத்தப்படுகிறது. பிடித்த கரியை அவ்வப்போது ஏறத்தாழ 600 பாகை வெப்பத்தில் எஞ்சின் தானே எரித்துவிடும். அதற்கு எஞ்சின் நன்கு சூடேறி, ஓரளவு சீரான வேகத்தில் 15 அல்லது 20 நிமிடங்கள் ஓட வேண்டும்.

இங்கேதான் நம் மலைவாசிகளின் இடர்ப்பாடு தொடங்குகிறது. அருவங்காட்டிலிருந்து குன்னூர்ச் சந்தைக்கு ஐந்தாறு கிலோமீட்டர். வெலிங்டனுக்கு அதிலும் குறைவு. பள்ளி, ஆலை, கோவில், கடை என்று எஞ்சின் சூடேறுமுன் பயணம் முடிந்துவிடுகிறது. குளிர்காலக் காலைகளில் சொல்லவே வேண்டாம். வடிகட்டி தன்னை எரிக்கத் தொடங்கும். நாம் சாவியைத் திருப்பி நிறுத்திவிடுவோம். இவ்வாறு பலமுறை தடைப்படும்போது, எரிப்பதற்காகக் கூடுதலாகச் செலுத்தப்பட்ட டீசலில் ஒரு பகுதி கீழே வடிந்து எஞ்சின் ஆயிலோடு கலக்கிறது. ஆயில் அளவுகோலில் அளவு குறைந்தால் கவலைப்படுகிறோம். அளவு கூடினால் மகிழ்ச்சியடைகிறோம்! டீசல் வண்டியில் ஆயில் மேற்கோட்டைத் தாண்டி உயர்ந்திருந்தால் உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். அது நீர்த்துப்போன ஆயில். எஞ்சினின் உள்ளுறுப்புகளைக் காக்காது.

மலையிறங்கினால் வடிகட்டி தூய்மையாகிவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். பர்லியாறு வழியாகத் தாழ்ந்த கியரில் இறங்கும்போது எஞ்சினுக்கு எண்ணெய் அநேகமாகச் செல்வதே இல்லை, புகைக்குழாய் குளிர்ந்துபோகிறது. மேட்டுப்பாளையம் தாண்டிக் கோவை நோக்கிச் செல்லும் சமவெளிச் சாலையும், பாரத்தோடு மலையேறி வரும் பயணமுமே உதவுபவை. நாம் இப்பொழுது கோவையில் உள்ள அலுவல்களைச் சேர்த்துவைத்து, இரு வாரத்திற்கு ஒருமுறை ஒரே பயணமாக முடித்து வருகிறோம். ஆயில் மாற்றும்போதும், வடிகட்டி உள்ள வண்டிகளுக்கென விதிக்கப்பட்ட, சாம்பல் குறைந்த வகையையே கேட்டு வாங்குகிறோம். கரி எரியும், ஆயிலின் சாம்பல் எரியாது. அது வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

விளக்குகளின் நிறங்களைப் பற்றிச் சிறிது கூறுவோம். பச்சையும் நீலமும் செய்தி சொல்பவை. மஞ்சள், 'விரைவில் கவனி' என்பது. சிவப்பு, 'இப்பொழுதே நில்' என்பது. எண்ணெய்க் குவளை வடிவில் சிவப்பு விளக்கு எரிந்தால், 'வீடு அருகில்தானே' என்று ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டலாகாது. ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். ஆயில் அழுத்தம் இன்றி ஓடும் எஞ்சின் சில நிமிடங்களில் பாழாகும். வெப்பமானி வடிவிலான சிவப்பு விளக்கிற்கும் அவ்வாறே. சூடு தணியுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. பிரேக் விளக்கோடு மலைப்பாதையில் இறங்குவது தற்கொலைக்கு ஒப்பாகும். சுருள்கம்பி போன்ற மஞ்சள் விளக்கு, குளிர்ந்த எஞ்சினைச் சூடேற்றுவதைக் குறிக்கும். அது அணைந்தபின் வண்டியைக் கிளப்பினால் போதும். டீசல் வடிகட்டியில் நீர் சேர்ந்ததைக் காட்டும் விளக்கும் சில வண்டிகளில் உண்டு. அதையும் அலட்சியம் செய்யலாகாது. இக்காலத்து எஞ்சின்களின் உயர் அழுத்தப் பம்பும் இன்ஜெக்டர்களும் தண்ணீர் பட்டால் கெட்டுப்போகும். அவற்றின் விலையைக் கேட்டவர்கள் மறப்பதில்லை.

எஞ்சின் விளக்கு எரியும்போது கணினி ஒரு குறியீட்டு எண்ணைத் தரும். பலர் ஏமாறுவது இவ்விடத்தில்தான். எடுத்துக்காட்டாக, பி0401 என்ற எண், புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் வழியில் ஓட்டம் போதவில்லை என்று மட்டுமே சொல்கிறது. வால்வில் கரி படிந்திருக்கலாம், வழி அடைத்திருக்கலாம், சிறு குழாய் கிழிந்திருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம், சென்சாரே பொய் சொல்லலாம். எண்ணைக் கண்டவுடன் 'வால்வை மாற்று' என்பவர், காய்ச்சலைக் கண்டவுடன் கத்தியை எடுக்கும் மருத்துவருக்கு ஒப்பானவர். ஆகவே அந்த எண்ணை எழுதி வாங்குங்கள். 'காரணம் என்ன, எவ்வாறு கண்டீர்கள்?' என்று பணிவோடு கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். நேர்மையான மெக்கானிக் இதற்கு வருந்தமாட்டார். சோதனைக்கென ஆயிரம் ரூபாய் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். நாம் 9,000 ரூபாயை வீணாக்கியது, அந்த ஆயிரத்தை மிச்சப்படுத்த எண்ணியதால்தான்.

காரணம் காணாமல் விளக்கை மட்டும் அணைப்பது எத்தகையது என்பதற்கு நம் மலை ரயிலே சான்று. அருவங்காடு வழியே உதகைக்குச் செல்லும் வண்டியை டீசல் எஞ்சின் இழுத்தாலும், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை, 1899-இல் திறக்கப்பட்ட பல்சக்கரப் பாதையில் நீராவி எஞ்சின்கள் இன்றும் ஏறி வருகின்றன. பொதுவாக நீராவி எஞ்சின்களில், கொதிகலனின் அனல்பெட்டிக் கூரையில் எளிதில் உருகும் உலோகத்தாலான ஓர் அடைப்பு இருக்கும். நீர்மட்டம் ஆபத்தான அளவிற்குத் தாழ்ந்தால் அது உருகி, நீராவி சீறிப் பாய்ந்து ஓட்டுநரை எச்சரிக்கும். அந்த அடைப்பை இரும்பால் அடைத்துவிட்டுக் கொதிகலனை ஓட்டத் துணிவார் உண்டோ? விளக்கு எரியாதிருக்க அதன் இணைப்பையே துண்டித்த வண்டி ஒன்றை நாம் கண்டிருக்கிறோம்.

மற்றொன்றும் உண்டு. 'வடிகட்டியின் உள்ளீட்டை எடுத்துவிட்டுக் கணினியையும் திருத்திவிடுகிறோம், பத்திலொரு பங்கு செலவில் முடியும்' என்று சிலர் ஆசை காட்டுகிறார்கள். நம்மிடமும் சொன்னார்கள். அது சட்டத்திற்கு முரணானது. அதைவிடப் பெரிது, 2012-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையைப் புற்றுநோய் விளைவிப்பது என வகைப்படுத்தியிருப்பதாகும். பனிமூடிய பள்ளத்தாக்கில் புகை எளிதில் கலையாது. காலையில் பேருந்துக்குக் காத்து நிற்கும் பிள்ளைகளே அதைச் சுவாசிப்பர். பிறர் பிள்ளைகளின் நெஞ்சில் கரியைப் படியவைத்து நாம் மிச்சம் பிடிக்கும் பணம் நமக்கு உரியதன்று.

சென்ற ஞாயிறு திருப்பலிக்குப்பின், ஓய்வூதியப் பணம் கையில் வந்த குடும்பத்தலைவர் ஒருவர், "பழைய டீசல் கார் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா சாமி?" என்று கேட்டார். "மாதத்தில் எத்தனை முறை மலையிறங்குவீர்கள்?" என்று கேட்டோம். அவர் யோசித்து, "தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் துணி எடுக்க" என்றார். அருகில் நின்ற அவர் துணைவியார், "அப்படியானால் பெட்ரோல் வண்டியே பார்ப்போம்" என்று பேச்சை முடித்துவிட்டார்.