மோட்டார் சைக்கிள் பந்தயமும் வீரரின் ஆற்றலும்



பந்தயம் நடைபெற்ற மறுநாள் நம் தோட்டத்துக் கடைகளில் அதைப் பற்றிய பேச்சே மிகுந்திருக்கும். "அவருக்கு ஃபார்ம் போய்விட்டது" என்பார் ஒருவர். "இல்லை, அடுத்த முறை வெல்வார்" என்பார் மற்றொருவர். ஃபார்ம் என்பது யாது? ஒரு வீரர் அண்மைக் காலத்தில் எத்துணை ஆற்றலுடன் விளங்குகிறார் என்பதேயாகும். அதனை முறையாக மதிப்பிடுவது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மோட்டார் சைக்கிள் பந்தயங்களைப் பெரும்பாலும் இருவகையாகப் பிரிக்கலாம். பந்தயத்திற்கென்றே தனியாகச் செய்யப்பட்ட வண்டிகள் ஓடுவது ஒருவகை. மோட்டோ ஜிபி அத்தகையது. கடைகளில் பொதுமக்களுக்கு விற்கப்படும் வண்டியை, விதிகள் இடங்கொடுக்கும் அளவிற்குத் திருத்தி ஓட்டுவது மற்றொரு வகை. 1988-ஆம் ஆண்டில் தொடங்கிய உலக சூப்பர்பைக் போட்டி இவ்வகையைச் சார்ந்தது. நம் நாட்டில் 1994 முதல் நடைபெற்று வரும் கப் பிரிக்ஸ் பந்தயமும் இத்தகையதே. நம் தந்தையர் வேலைக்கு ஓட்டிச் செல்லும் கப்சாய் வண்டியின் இனத்தைச் சேர்ந்தவையே அதில் ஓடுகின்றன. ஆகவேதான் அப்பந்தயம் நம்மவர்க்கு மிக நெருக்கமாக உள்ளது.

ஒரு வீரரை மதிப்பிடுமுன் நாம் மூன்று கேள்விகளைக் கேட்டல் வேண்டும்.

முதற் கேள்வி, அவர் ஓட்டிய வண்டி எது என்பதாகும். நம் நாட்டு வீரர் ஹஃபிஸ் சியாரின், 2018-ஆம் ஆண்டில் மோட்டோ ஜிபியின் உயர் பிரிவில் ஓடிய முதல் மலேசியர் என்னும் பெருமையைப் பெற்றார். அவ்வாண்டில் யமஹா வண்டியை ஓட்டி 46 புள்ளிகள் ஈட்டினார். மறு ஆண்டில் அவருடைய குழு கே.டி.எம். வண்டிக்கு மாறியது, அவருக்குக் கிடைத்தவை 9 புள்ளிகளே. ஓராண்டில் ஒருவரது திறமை ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுமா? புள்ளிகளில் வண்டியின் பங்கும் கலந்துள்ளது என்பதை நாம் உணர்தல் வேண்டும். அவரே பின்னர் 2022, 2023-ஆம் ஆண்டுகளில் உலக சூப்பர்பைக் போட்டியில் ஹோண்டா வண்டியை ஓட்டினார்.

இரண்டாம் கேள்வி, அன்றைய வானிலை எப்படி என்பதாகும். மழையில் நனைந்த ஓடுதளத்தில் சக்கரங்களின் பிடிப்புக் குறையும். எஞ்சினின் முழு வலிமையையும் அங்குப் பயன்படுத்த இயலாது. அந்நேரத்தில் மென்மையாக முடுக்கி, பதறாமல் பிரேக் பிடிக்கும் வீரரே முந்துவார். சிப்பாங் ஓடுதளம் 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 வளைவுகளும் கொண்டது. அங்கு 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில் மழையினூடே நடைபெற்ற சூப்பர்பைக் ஓட்டத்தில் அமெரிக்க வீரர் நிக்கி ஹேடன் வென்றார். அவ்வாண்டில் அவர் பெற்ற ஒரே வெற்றி அதுவே.

மூன்றாம் கேள்வி, அவருடைய ஆற்றல் நிலைத்து நிற்கிறதா என்பதாகும். 2019-ஆம் ஆண்டின் சூப்பர்பைக் போட்டியில் ஸ்பெயின் நாட்டு வீரர் அல்வாரோ பௌதிஸ்தா, புதிய டுகாட்டி வண்டியில் முதல் 11 ஓட்டங்களையும் வென்றார். "வெற்றி வண்டிக்கா, வீரருக்கா?" என்று அன்பர்கள் வாதிட்டனர். இதற்கு விடை காண நல்ல வழியொன்று உண்டு. அதே வண்டியை ஓட்டும் குழுத் தோழரைப் பார்த்தல் வேண்டும். தோழரான சாஸ் டேவிஸ் அந்த 11 ஓட்டங்களுள் ஒன்றிலும் வெல்லவில்லை. ஆதலின் வீரரின் திறமையும் பெரிதே என்பது விளங்கும். எனினும் பிற்பகுதியில் பௌதிஸ்தா பலமுறை வீழ்ந்தார். தொடக்கத்தில் பெரும்பாலும் இரண்டாம் இடத்திலேயே வந்த ஜானதன் ரே, தளராமல் புள்ளிகளைச் சேர்த்து உலக வாகை சூடினார்.

நம் பாட்டிமார் கூடை சுமந்து கொழுந்து பறித்த காலத்தை எண்ணிப் பாருங்கள். மழை பெய்து தளிர் மிகுந்தால் எடை கூடும். வறட்சியில் எடை குறையும். எடை குறைந்த நாளில் அவர்களுடைய கைத்திறம் குறைந்ததென்று கூறுவது முறையாகுமா? ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்த தோழனை "இவன் தேறமாட்டான்" என்பதும் அத்தகைய தவறேயாகும். ஒரு நாளின் கணக்கைக் கொண்டு எவரையும் முடிவு கட்டலாகாது.

இறுதியாக ஒன்று கூறுவோம். ஓடுதளத்தில் எதிரே வண்டி வராது, வளைவுகளில் வீழ்ந்தாரைத் தாங்கப் பரந்த வெளியுண்டு, மருத்துவரும் காத்திருப்பர். தாப்பாவிலிருந்து ரிங்லெட் வரும் நம் மலைச்சாலையில் மூடுபனியும் காய்கறி லாரிகளும் உள்ளன. பந்தயத்தைக் கண்டு மகிழுங்கள், அறிவோடு பேசுங்கள். சாலையில் அதனைப் பின்பற்ற முயலும் அண்ணன்மாரிடம் வேண்டாமென அன்புடன் எடுத்துரையுங்கள். அவர்கள் நலமாக வீடு திரும்புவதே நமக்குப் பெரும் வெற்றியாகும்.