கல்லில் ஒரு பெயர், காகிதத்தில் ஒரு பெயர்

மணலி புதுநகரில் வந்து இறங்கும் வெளியூர் அன்பர்களில் பலர் அய்யா வைகுண்ட தர்மபதியை நாடி வருபவர்கள். தேரோட்ட நாள்களில் காவி உடுத்திய கூட்டம் வீதியை நிறைக்கும். மற்ற நாள்களில் அந்தச் சாலை சரக்குப் பெட்டக லாரிகளுக்கே உரியது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் கொண்ட இந்த மணலி வட்டாரத்துக்கு ஒரு பழைய பெருமை உண்டு. ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முன், இறைவன் திருமுன்பு கலைப்பணி செய்த ஒரு பெண்ணின் பெயரால் இங்கே அறுபது வேலி நிலம் வழங்கப்பட்டது.

இதற்குச் சான்று அருகிலுள்ள திருவொற்றியூர்த் திருக்கோயிலில் இருக்கிறது. மூன்றாம் இராசராச சோழனின் 19-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1235-ஐ ஒட்டிய காலம். ஆவணித் திருநாளில் மன்னன் இராசராசன் திருமண்டபத்தில் எழுந்தருளியிருந்தான். பதியிலாருள் ஒருத்தியான உறவாக்கின தலைக்கோலி அவன் முன்னே அகமார்க்கம் நிகழ்த்தினாள். கேட்டு மகிழ்ந்த மன்னன் மணலியில் அறுபது வேலி நிலத்துக்கு ஆணையிட்டான். அதற்கு உறவாக்கின நல்லூர் என்று பெயரும் இட்டான். 'தலைக்கோலி' என்பது ஆடற்கலையில் தேர்ந்தவர்க்குரிய பட்டம். சிலப்பதிகாரத்து மாதவி பெற்ற தலைக்கோலின் தொடர்ச்சி அது.

நல்லூர் என்ற பெயர் இன்று வழக்கில் இல்லை. அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. யாரோ ஒரு கல்தச்சர் அதைச் செதுக்கி வைத்ததால் நிலைத்தது.

திருவொற்றியூர்க் கல்வெட்டுகளை வாசிப்பவர்க்கு இன்னொரு சுவையான செய்தியும் கிட்டும். பதினான்காம் நூற்றாண்டில் பதியிலார், தேவரடியார், இடபத்தளியிலார் ஆகிய பிரிவினரிடையே பிணக்கு எழுந்தது. சந்திக்குனிப்பம் என்ற ஆடலிலும் அதற்குரிய பாட்டிலும் எந்தப் பணி எவருக்கு உரியது என்பதே வழக்கு. அது சபை கூட்டி விசாரிக்கப்பட்டு, தீர்வும் கல்லில் ஏறியது. தஞ்சைப் பெரிய கோயிலிலோ முதலாம் இராசராசன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர்கள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் இருப்பவர்கள் என்பதைப் பெயர் பெயராக எழுதுவித்தான். ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் பங்கு. இன்றைய எந்த அலுவலகப் பதிவேட்டையும் வெட்கப்பட வைக்கும் ஒழுங்கு அது.

கல்லில் வெட்டும் வழக்கம் அருகிய பிறகு ஆடியவர்களின் பெயர்களுக்கு என்ன ஆயிற்று? இதற்கும் மணலியிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்வூரின் பெயர் சொல்ல வாழ்ந்தவர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். சென்னைப் பூக்கடைப் பகுதியில் சென்னகேசவப் பெருமாளுக்கும் சென்னமல்லீசுவரருக்கும் கோயில் மீண்டும் எழக் காரணமாக இருந்தவர். இராமசாமி தீட்சிதரைத் திருவாரூரிலிருந்து அழைத்து வந்து மணலியில் வாழவைத்தவரும் இவரே. முத்துசுவாமி தீட்சிதரின் இளமைப் பருவத்தில் ஒரு பகுதி இதனால் இவ்வூரில் கழிந்தது. சீர்காழி அருணாசலக் கவிராயரின் 'இராமநாடகக் கீர்த்தனை'யைப் போற்றிச் சிறப்புச் செய்த வள்ளலும் இந்த முதலியாரே.

இராமநாடகத்தின் பாடல்கள் இன்றும் நம்மிடம் உள்ளன. பல முறை அச்சேறியவை அவை. ஆனால் ஊர் ஊராக அதைப் பாடியும் நடித்தும் காட்டியவர்கள் யார், சீதையாக வந்தவர் யார், முகவீணை வாசித்தவர் யார் என்று தேடினால் பெயர்கள் அரிதாகவே அகப்படும். இயற்றியவர் பெயரையும் புரவலர் பெயரையும் காத்த காலம் ஆடியவர் பெயரைக் காக்க மறந்துவிட்டது.

இந்த மறதியோடு வாழ்நாள் முழுதும் போராடிய ஒருவர் நம் காலத்தில் இருந்தார். அவர் தமிழரல்லர் என்பது வியப்பு. பஞ்சாபியரான மோகன் கோகர் 1924-இல் பிறந்தவர். நாட்டியம் பயில வேண்டும் என்ற வேட்கையால் 1940-களில் சென்னைக்கு வந்து, ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திரத்தில் மாணவராகச் சேர்ந்தார். ஆண்பிள்ளை சலங்கை கட்டுவதைப் பலரும் ஏளனமாய்ப் பார்த்த காலம் அது. பின்னர் பரோடா பல்கலைக்கழகத்தின் நடனத் துறைக்குத் தலைமை ஏற்றார். தில்லியில் சங்கீத நாடக அகாதெமியில் பணியாற்றினார். விமர்சகராகவும் வரலாற்றாளராகவும் எழுதினார். இந்தியச் செவ்வியல் நடன மரபுகளைப் பற்றி 1979-இல் வெளிவந்த அவரது நூல் இன்றும் மாணவர்களால் புரட்டப்படுகிறது. மனைவி எம்.கே.சரோஜா, காட்டுமன்னார்கோயில் முத்துக்குமாரப் பிள்ளையிடம் பயின்ற பரதக் கலைஞர். கோயில் மரபில் ஊறிய நட்டுவனாரின் மாணவியும் ஆவணத்தில் ஊறிய விமர்சகரும் அமைத்த இல்லறம் அது.

விமர்சகர்கள் பொதுவாக நிகழ்ச்சிக்குப் போவார்கள், எழுதுவார்கள், அழைப்பிதழைக் குப்பையில் இடுவார்கள். கோகர் இடவில்லை. அழைப்பிதழ், நிகழ்ச்சி நிரல், சுவரொட்டி, செய்தி நறுக்கு, நிழற்படம், கடிதம், அஞ்சல் தலை என்று நடனம் பட்ட எதையும் சேர்த்தார். ஆடைகளும் முகமூடிகளும் பொம்மைகளும் சேர்ந்தன. நடனமாது உருவம் அச்சிட்ட தீப்பெட்டிப் படங்களையும் அவர் விடவில்லை. தீப்பெட்டிப் படத்துக்கும் நாட்டிய வரலாற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். ஆடும் பெண்ணின் உருவத்தை ஒரு காலத்து மக்கள் எப்படிக் கண்டார்கள் என்பதைப் பெரிய நூல் ஒன்றைவிட அந்தச் சிறு தாள் நேராகச் சொல்லிவிடும்.

ஓர் அழைப்பிதழில் வாசிக்க அப்படி என்ன இருக்கிறது? சொல் இருக்கிறது. 'சதிர்' என்று வழங்கிய கலை 'பரத நாட்டியம்' என்று பெயர் மாறி நிலைபெற்றது 1930-களில். அந்த மாற்றம் எந்த ஊரில், எந்தச் சபையில், எந்த ஆண்டில் நிகழ்ந்தது என்று படிப்படியாகக் காண வேண்டுமானால் அக்காலத்து அச்சுத் தாள்களே வழி. பெயரும் இருக்கிறது. 1931-ஆம் ஆண்டு மார்ச் 15 அன்று சென்னை மியூசிக் அகாதெமி தன் மேடையில் திருவாளப்புத்தூர் கல்யாணியின் புதல்வியர் இராஜலக்ஷ்மி, ஜீவரத்னம் இருவரையும் ஆடவைத்தது. பெருமுயற்சி எடுத்தவர் வழக்கறிஞர் ஈ.கிருஷ்ண ஐயர். அவர்கள் அறிவிக்கப்பட்டது 'கல்யாணி புதல்வியர்' என்றே. தாய்வழி அறியப்படும் மரபு அச்சில் அப்படியே நிற்கிறது. சில ஆண்டுகளில் நிகழ்ச்சி நிரல்களில் 'ஸ்ரீமதி', 'குமாரி' என்ற முன்னொட்டுகள் பெருகுகின்றன. குலமும் தெருவும் மாறுகின்றன. எவரும் தனியே எழுதி வைக்காத சமூக வரலாறு அது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல்லாண்டு போராடினார்; 1947-இல் சென்னை மாகாணத்தில் சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவது சட்டத்தால் தடுக்கப்பட்டது. அது தேவையான சட்டம். அறியாப் பருவத்துப் பெண் குழந்தையின் வாழ்வை மற்றவர்கள் முடிவு செய்த கொடுமைக்கு அது முடிவு கட்டியது. அதே வேளையில் கோயிலுக்குள் தலைமுறை தலைமுறையாய் நிகழ்ந்த ஆடற் கைங்கரியமும், குடமுழாவோடும் முகவீணையோடும் கூடிய அதன் முறைகளும், அதைச் செய்தவர்களின் பெயர்களும் ஒருங்கே மறையத் தொடங்கின. 1932-இன் இறுதியில் கிருஷ்ண ஐயரும் முத்துலட்சுமி ரெட்டியும் பத்திரிகைகளில் எதிரெதிராக எழுதிய கடிதங்களை இன்று படிக்கும்போது இருவர் பக்கமும் நியாயம் இருப்பது விளங்கும். இருவரும் பேசியது எவர்களைப் பற்றியோ, அந்தப் பெண்களின் குரல் மிகக் குறைவாகவே ஒலித்தது. ஒரு பழைய நிழற்படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிய ஒரு பெயருக்கு எத்துணை மதிப்பு என்பது அப்போதுதான் புரியும்.

கோகர் 1999-இல் மறைந்தார். சென்னையில் இருந்த சேமிப்பு அவர் மகனும் நடன விமர்சகருமான ஆஷிஷ் மோகன் கோகரின் பொறுப்புக்கு வந்து பெங்களூருக்குப் போயிற்று. ஒரு குடும்பம் தனியே தாங்கக்கூடிய சுமையல்ல அது. காகிதத்துக்கு இடம் வேண்டும். ஈரம் படாத காற்று வேண்டும். வகைபிரித்து எழுத ஆள் வேண்டும். நெடுங்காலம் அந்தச் சுமையைத் தாங்கியபின், தில்லியிலுள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையத்துக்குச் சேகரம் வழங்கப்பட்டது. பாதுகாப்பான இடம்தான். ஆயினும் சதிரைப் பற்றி அறிய விரும்பும் தமிழக மாணவி தில்லிக்கு இரயில் ஏற வேண்டியிருப்பது சற்றே உறுத்துகிறது.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் கதை வேறு விதமாக முடிந்தது. நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் விளம்பரத் தாள்களையும் திரட்டியவர் அவர். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது; ஆனால் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் 1994-இல் சென்னையிலேயே நூலகமாக நிறுவ வழிசெய்தது. இன்று தரமணியில் எவரும் சென்று பார்க்கலாம். அயல்நாட்டார் இங்கேயே விட்டுவைத்தார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சைவ அன்பர்களுக்கு இத்தகைய கதை புதிதன்று. தில்லையில் பூட்டிய அறைக்குள் தேவார ஏடுகள் கறையானுக்கு இரையாகிக் கிடந்ததையும், நம்பியாண்டார் நம்பியும் மன்னனும் எஞ்சியவற்றை மீட்டதையும் திருமுறை கண்ட வரலாறாகப் போற்றுகிறோம். அரித்தவை போக மிஞ்சியதே இன்று நாம் ஓதுவது. அப்படி ஓதுகின்ற நாமே, போகிப் பண்டிகை விடியலில் பரண்மேல் இருந்த பழைய காகிதக் கட்டை இறக்கி நெருப்பில் இடுகிறோம். கும்பாபிஷேக மலர், உற்சவப் பத்திரிகை, பாட்டியின் அரங்கேற்ற அழைப்பு, ஊர்த் திருவிழாவில் நடந்த வள்ளி திருமண நாடகத்தின் நோட்டீசு ஆகியவை அதில் இருக்கும். வடசென்னையின் பழைய குடும்பங்களில், இராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் காலடிப்பேட்டையிலும், இன்னும் எத்தனை டிரங்குப் பெட்டிகள் திறக்கப்படாமல் இருக்கின்றனவோ!

வைத்திருப்பவர்கள் சிலவற்றைக் கவனிக்கலாம். நம் பத்திரிகைகளில் தமிழ் வருடம் மட்டும் இருப்பதுண்டு. 'விகாரி வருடம் மாசி மாதம்' என்று இருந்தால் அது 1960-ஆ, 2020-ஆ? அறுபது ஆண்டுச் சுழற்சியில் பேரக்குழந்தை குழம்பிப்போவான். தாளின் ஓரத்தில் மென்மையான பென்சிலால் ஆங்கில ஆண்டை எழுதிவிடுவது நல்லது. பேனா மை ஊறும். குண்டூசியும் பின்னும் துருவேறித் தாளைத் தின்றுவிடும், எடுத்துவிட வேண்டும். மூலைகளில் மஞ்சள் தடவிய பத்திரிகையை அது நன்கு உலர்ந்தபின் தனித்தாளில் மடித்து வைக்கலாம். லேமினேஷன் செய்வது பாதுகாப்பென்று தோன்றும். பிறகு பிரிக்கவே முடியாது. இராமபாணப் பூச்சிக்கு இருட்டும் ஈரமும் பிடிக்கும். எண்ணூர்க் கடற்காற்று வீசும் வீடுகளில் ஆண்டுக்கு இரு முறையாவது பெட்டியைத் திறந்து நிழலில் காற்றாட வைக்க வேண்டும். சரசுவதி பூசை அதற்கு ஏற்ற நாள். நிழற்படமாயின், அதில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய முதியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இது மற்ற எல்லாவற்றையும்விட அவசரமான வேலை.

திருவொற்றியூரில் தியாகேசப் பெருமான் இன்றும் ஆடுகிறார். மாசிப் பெருவிழாவின் நிறைவில் நிகழும் பதினெட்டுத் திருநடனத்தைக் காணப் பெருங்கூட்டம் கூடும். அடுத்த மாசியில் செல்லும் அன்பர்கள், தரிசனம் முடிந்ததும் கல்வெட்டுகள் உள்ள சுவர்களையும் நின்று பார்த்து வரலாம். விழா அழைப்பிதழ் கிடைத்தால் இரண்டாக வாங்கிக்கொள்ளவும். ஒன்று பூசையறைக்கு, மற்றொன்று பெட்டிக்கு.