குரல் போனபின்பும் சாட்சி உண்டு



ஆசாரியனாகிய சகரியா தேவாலயத்திலிருந்து ஊமையாய் வெளியே வந்தான். பிள்ளை பிறந்து, எழுத்துப்பலகையில் அதன் பெயரை எழுதினபின்பே அவன் வாய் திறக்கப்பட்டது (லூக்கா 1). அவனுக்கு அது சில மாத மௌனம். புற்றுநோயினால் குரல்வளை முழுவதையும் இழந்தவருக்கோ அந்த மௌனம் வாழ்நாள் முழுவதும் நீடிக்கக்கூடும். சத்தமாய்த் துதிக்கிற சபையிலே அவருடைய இடம் எது?

என் தவறு ஒன்றை முதலில் அறிக்கையிடுகிறேன். சில ஆண்டுகளுக்குமுன் கட்டட வேலை செய்யும் சகோதரர் ஒருவர், "குரல் கம்முகிறது, ஐயா" என்றார். உபவாச ஜெபத்தில் உரக்கத் துதித்ததன் பலன் என்று எண்ணி, எண்ணெய் பூசி ஜெபித்து அனுப்பினேன். மருத்துவரிடம் போகும்படி சொல்லவில்லை. மாதங்கள் கடந்தன, முடிவில் குரல்வளையை அகற்ற நேர்ந்தது. நான் ஜெபித்தது தவறல்ல. ஜெபத்தோடு நிறுத்திக்கொண்டதே தவறு. சுவிசேஷம் எழுதின லூக்காவும் வைத்தியனே அல்லவா?

குரல் திரும்புவது எப்படி?

1873-ல் வியன்னா நகரில் பில்ரோத் என்ற அறுவை மருத்துவர் புற்றுநோய் கண்ட குரல்வளையை முதன்முதலில் முழுவதுமாக அகற்றினார். இந்த அறுவைக்குப்பின் நோயாளி கழுத்தின் அடியிலுள்ள துவாரத்தின் வழியே சுவாசிக்கிறார். நாவும் உதடும் நலமாயிருந்தும், நுரையீரலின் காற்று வாய்க்கு வந்து சேருவதில்லை.

1980-ல் அமெரிக்காவின் சிங்கர், பிளோம் என்ற இருவர் ஒரு வழியை வெளியிட்டனர். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே சிறு துளையிட்டு, சிலிக்கோன் வால்வு ஒன்றைப் பொருத்துகிறார்கள். கழுத்துத் துவாரத்தை விரலால் மூடி மூச்சை விட்டால், காற்று வால்வின் வழியே உணவுக்குழாய்க்குள் சென்று அதன் மேற்பகுதியை அதிரச் செய்கிறது. அந்த ஒலியை நாவும் உதடும் சொல்லாக்குகின்றன. விழுங்கும்போது வால்வு மூடிக்கொள்வதால் உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்காது.

ஆயினும் வால்வில் பூஞ்சை படர்ந்து கசியத் தொடங்கும், அவ்வப்போது மாற்றவேண்டும். வெளிநாட்டு வால்வின் விலையோ பல ஆயிரம் ரூபாய். தினக்கூலிக்காரர் என்ன செய்வார்? பெங்களூரின் புற்றுநோய் மருத்துவர் விஷால் ராவ், தம் பொறியாளர் நண்பர் சஷாங்க் மகேஷுடன் சேர்ந்து ஏறக்குறைய 50 ரூபாய் செலவில் ஒரு வால்வை உருவாக்கினார். 2015-ஐ ஒட்டி அது வெளியுலகுக்குத் தெரியவந்தது. அதன் பெயர் 'ஓம்'. பெயரைக் கேட்டு இடறாதிருங்கள். வழியில் காயப்பட்டுக் கிடந்தவனுக்கு எண்ணெய் வார்த்தவன் ஒரு சமாரியன் என்பதை மறவாதிருங்கள்.

வால்வு பொருத்தினால் மட்டும் போதாது, பேசப் பழகவும் வேண்டும். பேச்சுக் குறைபாடுகளுக்கென்றே நம் மைசூரு மானசகங்கோத்ரியில், 'ஐஷ்' என்று நாம் அழைக்கும் மத்திய அரசு நிறுவனம் 1965 முதல் இயங்குகிறது. பிழைப்புக்காக இந்நகருக்கு வந்த நம் மக்களில் எத்தனைபேர் அதன் வாசலை அறிவார்கள்?

நாம் செய்யவேண்டியது

மூன்று வாரத்துக்குமேல் குரல் கம்மியிருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள். ஆரம்பத்திலேயே கண்டறிந்தால் கதிர்வீச்சு சிகிச்சையினால் குரல்வளையைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். பீடி, சிகரெட், மதுபானம் ஆகியவை இந்நோய்க்கு முக்கிய காரணங்கள். வீட்டில் எவருக்காவது இப்பழக்கம் இருந்தால், வெட்கப்படுத்தாமல் விடுவிக்க முயலுங்கள். வால்வு பொருத்திக்கொள்ளுவதை அவிசுவாசம் என்று சொல்லாதிருங்கள். சாட்சி வேளையில் அவருக்கு நேரம் கொடுத்துப் பொறுமையாய்க் கேளுங்கள்.

அந்தச் சகோதரரும் வால்வு பொருத்திக்கொண்டார். முதற்சொல்லாக 'ஸ்தோத்திரம்' வரும் என்று காத்திருந்தேன். அவரோ கழுத்தில் விரலை வைத்து, தம் மகளின் பெயரைச் சொல்லி அழைத்தார். அவள் ஓடிவந்தாள். அதைவிட மேலான துதியை நான் அன்று கேட்கவில்லை.

பேசும் வாயை உண்டாக்கின கர்த்தர்தாமே உங்கள் குடும்பங்களைக் காப்பாராக. ஆமென்.