தேறினால், தேறினால்தான்

தில்லியில் உத்தியோகம் பார்க்கும் தந்தை ஒருவர், கல்லூரியில் பயிலும் தம் மகளிடம், "நீ முதல் வகுப்பில் தேறினால் இந்தக் கோடையில் ஊருக்கு அழைத்துச் செல்கிறேன்" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். மகள் இரண்டாம் வகுப்பிலேயே தேறுகிறாள்; ஆயினும் தந்தை அவளை அழைத்துச் சென்றுவிடுகிறார். "அப்பா சொன்ன சொல் தவறிவிட்டார்" என்று அவளுடைய தம்பி முறையிடக்கூடும். தருக்க நூலார் அம்முறையீட்டை ஏற்கமாட்டார்.

இத்தகைய நிபந்தனைத் தொடர் எப்பொழுது பொய்யாகும் என்பதற்கு, கி.மு. 300-ஐ ஒட்டி வாழ்ந்த மெகாரா மரபைச் சேர்ந்த பிலோன் என்னும் கிரேக்க அறிஞர் விடை கூறினார். முற்பகுதி மெய்யாக இருந்து பிற்பகுதி பொய்த்தால் மட்டுமே தொடர் பொய். ஏனைய மூன்று நிலைகளிலும் அது மெய்யே. மகள் முதல் வகுப்பில் தேறியும் தந்தை அழைத்துச் செல்லாதிருந்தால், அப்பொழுதே அவர் சொல் பிறழ்ந்தவர் ஆவார். அவள் தேறாதபோது என்ன செய்வார் என்பதைப் பற்றி அவர் வாய் திறக்கவே இல்லை.

இது வழக்கறிஞர் வாதம் போலத் தோன்றலாம். உலக வழக்கில், 'தேறினால்' என்ற சொல்லைக் கேட்டவுடன் 'தேறாவிட்டால் இல்லை' என்பதையும் நாமே சேர்த்துக்கொள்கிறோம். அதைத்தான் தந்தை சொல்ல விரும்பினாரெனில், தமிழில் 'தான்' என்னும் இடைச்சொல் அதற்கென்றே இருக்கிறது. "தேறினால்தான் அழைத்துச் செல்வேன்" என்று அவர் கூறியிருந்தால், தம்பியின் குற்றச்சாட்டு நிலைபெறும். ஆனால், நுணுகி நோக்கின், அவ்வாறு கூறியவர் தேறியவளைக் கட்டாயம் அழைத்துச் செல்வதாக வாக்களித்துவிட்டாரா என்பது ஐயமே!

தொடரைத் திருப்பிப் போடுவதில்தான் பிழை மிகுதி. அடுக்களையில் புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கக் கண்டவன், மலைமீது புகை எழக் கண்டு அங்கே நெருப்பு உண்டெனத் துணிவதை, 17-ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் இயற்றிய தருக்கசங்கிரகம் விளக்குகிறது. 'நெருப்பிருந்தால் புகையிருக்கும்' என்று திருப்பினாலோ அது நில்லாது. பழுக்கக் காய்ச்சிய இரும்புருண்டையில் நெருப்புண்டு, புகையில்லை. புகைக்கு ஈர விறகின் சேர்க்கையும் வேண்டும் என்று அந்நூலே காட்டும்.

மழைக்காலத்தில் வீடுகளில் நிகழும் பிழையும் இத்தகையதே. 'சளிக்காய்ச்சலானால் உடம்பு காயும், மேல் வலிக்கும். இவனுக்கு இரண்டும் உண்டு. ஆகவே இது சளிக்காய்ச்சலே' என்று முடிவுகட்டி, ஆஸ்பிரின் மாத்திரையைக் கொடுத்துவிடுவோர் உளர். டெங்குவானாலும் உடம்பு காயும், மேல் வலிக்கும். அந்நோயில் ஆஸ்பிரின் இரத்தக் கசிவை மிகுவிக்கக்கூடும். இன்ன காய்ச்சல் என்று உறுதி செய்வதற்கு இரத்தச் சோதனை வேண்டும். அதுவரை உடற்சூட்டைத் தணிக்க மருத்துவர்கள் பொதுவாகக் கூறுவது பாராசிட்டமாலையே.